ஒண்ணாரெண்டா வாங்கிய இரண்டாவது கேமரா

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. மற்றபடி கடைத்தெரு முழுவதற்கும் அவர் ஒண்ணாரெண்டா.

வேலை கொடுத்த பெயர் அது. கடைத்தெரு நடுவில் இருந்த மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்பவர் அவர். கடைக்குப் பின்னால் ஓர் இருட்டறை. அலமாரிக்குக் கதவு வைத்து அறை என்று சொல்லிவிட்டார்களோ என்று தோன்றும். உள்ளே ஒரு சுழல் நாற்காலி, எதிர்ச் சுவரில் எழுத்துகள் ஒளிரும் பலகை. வந்தவரை உட்கார வைத்து, மூக்கின் மேல் கனத்த சோதனைச் சட்டத்தை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போடுவார். "இது ஒண்ணு... இது ரெண்டு. எது தெளிவா இருக்கு? ஒண்ணா, ரெண்டா?" பல வருடங்களாகக் கடை திறந்ததிலிருந்து அடைக்கும் வரை இதே கேள்வி. வேலையில் கெட்டிக்காரர் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவர் எழுதிக் கொடுத்த பவரில் தலை வலிக்கிறது என்று யாரும் திரும்பி வந்ததில்லை.

கடை ஷட்டர் இறங்கிய பிறகும் அந்தக் கேள்வி மட்டும் இறங்காது. அதுதான் வீட்டில் பிரச்சினை. சட்டை எடுக்கப் போனால் இரண்டு சட்டைகளை இரண்டு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கடைக்காரர் விளக்கை அணைக்கும் வரை நிற்பார். மனைவி டீ கொடுத்தால், நேற்றையது தேவலையா இன்றையது தேவலையா என்று யோசித்து, யோசனை முடிவதற்குள் ஆற விட்டுவிடுவார். அவள் மருந்துக் கடையில் பில் போடும் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க டாக்டர்களின் கிறுக்கலைப் படித்துவிட்டு வருகிறவளுக்குப் பொறுமை அதிகம். ஆனால் அவள் பொறுமையின் அடிமட்டத்தைப் பார்த்தே தீருவது என்று அவர் சபதம் எடுத்ததுபோல்தான் இருந்தது.

சில வருடங்களுக்கு முன் அவர் ஒரு கேமரா வாங்கினார். மிரர்லெஸ் என்ற வகை. கம்பெனியின் வரிசையிலேயே கடைசிப் படியில் இருந்த, புதிதாகப் படம் எடுக்கக் கற்றுக்கொள்பவர்களுக்கான மாடல். முதல் நாள் கடைக்குக் கொண்டுவந்து காட்டினார்.

முதலாளி திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மிரர்லெஸ்னா என்னப்பா?"

"உள்ள கண்ணாடி கிடையாது சார்."

"கண்ணாடி விக்கிற கடையில வேலை பாத்துட்டு, கண்ணாடி இல்லாத கேமராவா வாங்குவ?"

ஒண்ணாரெண்டாவுக்கு நகைச்சுவை எட்டாது. பழைய பெரிய கேமராக்களுக்குள் ஒரு கண்ணாடி இருக்கும், அது வெளிச்சத்தைத் திருப்பி நம் கண்ணுக்கு அனுப்பும், இதில் அது இல்லை, வெளிச்சம் நேராகப் படத்தைப் பதியும் சென்சாரில் விழும், அதனால்தான் இவ்வளவு சின்னது, இவ்வளவு லேசு என்று முழு விளக்கமும் கொடுத்தார். முதலாளி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அதுக்குப் பார்வை நல்லாத்தான் இருக்கு. நமக்கு வியாபாரம் இல்ல. உள்ள ஆள் காத்துட்டிருக்கு, போ" என்றார்.

வாங்கிய கேமராவில் அவர் படம் எடுத்தார் என்று சொல்ல முடியாது. சோதனை செய்தார். எதிர்வீட்டுச் செங்கல் சுவர், பால்கனிக் கம்பி, புத்தக அலமாரியில் இருந்த அகராதியின் முதுகு. மனிதர்களில் மனைவி. அவளை ஜன்னலோரம் உட்கார வைத்து இடது கண்ணிமையை மட்டும் குறிவைத்துச் சுடுவார். அவர் கணினியில் அவளுடைய இமைமுடிகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அவள் சிரிக்கிற படம் ஒன்றுகூட இல்லை. சிரித்தால் கண் சுருங்கும், ஃபோகஸ் சோதிக்க முடியாது என்பார்.

நடக்கிறவரைக் கேமரா சரியாகப் பின்தொடர்கிறதா என்று பார்க்க இன்னொரு சோதனை. மாடியில் வீடுகளுக்குப் பொதுவான நீண்ட நடைக்கூடத்தில் அவள் கடைசிவரை போய்த் திரும்பி அவரை நோக்கி நடந்து வர வேண்டும். "வா... வா... சரியா வரல, திரும்பப் போ. இப்ப வா. வேகமா வா. முகத்தை நேரா வெச்சுக்கோ." இதை நாள்தோறும் கதவிடுக்கில் பார்த்த பக்கத்து வீட்டு அம்மாள், கோபித்துக்கொண்டு கிளம்புகிறவளைக் கணவன் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சமாதானம் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டார். ஒருநாள் படிக்கட்டில் அவளை நிறுத்தி, "எல்லா வீட்டுலயும் இருக்கிறதுதாம்மா, மனசுல வெச்சுக்காத" என்று கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார். மனைவி மறுக்கவில்லை. ஆறுதல் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் வேண்டாம் என்று சொல்கிற நிலையில் அவள் இல்லை.

இந்தச் சோதனைகளை எல்லாம் வீடியோவாக்கி யூடியூபில் போட ஆரம்பித்தார். பார்த்தவர்கள் எண்ணிக்கை ஒரு மினி பஸ்ஸில் அடங்கும்.

அப்போதுதான் கம்பெனி அந்த மாடலின் அடுத்த பிறவியை வெளியிட்டது. பெயரில் ஓர் எண் கூடியிருந்தது. வெளித்தோற்றம் இரட்டைப் பிள்ளைபோல அதேதான். உள்ளே சென்சாரும் பழையதுதான். திரை பக்கவாட்டில் திறந்து முன்பக்கம் திரும்பும், மனிதக் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும், இன்னும் சில பொத்தான்கள் இடம் மாறியிருந்தன. ஒண்ணாரெண்டாவுக்குத் தூக்கம் போயிற்று. பழசை வைத்திருப்பவர்கள் புதுசுக்கு மாறலாமா என்று உலகத்தில் யார் யார் வீடியோ போட்டிருந்தார்களோ அத்தனையும் பார்த்தார், தெரியாத பாஷையில் இருந்தவற்றையும் தலையாட்டிக்கொண்டே பார்த்தார். பார்த்து முடித்து, வாங்கியும் விட்டார்.

பெட்டியைப் பார்த்ததும் மனைவி இடுப்பில் கை வைத்தாள்.

"பழசுல என்ன கெட்டுப் போச்சு?"

"ஒண்ணும் கெடல."

"புதுசுல என்ன கூடுதலா இருக்கு?"

"திரை முன்பக்கம் திரும்பும்."

"திரும்பி?"

"திரும்பி... நம்மள நாமே பாத்துக்கலாம்."

"அதுக்குக் குளியலறையில கண்ணாடி இருக்கே!"

இரண்டும் ஒரே மாதிரி இருந்ததால் குழப்பம் வராமல் இருக்கப் பழையதற்கு மஞ்சள் நிறத்தில் ஒரு கழுத்துப் பட்டை வாங்கி மாட்டினார். புதுசுக்குப் பெட்டியோடு வந்த கறுப்புப் பட்டை. இனி எது எதுவென்று தனக்குச் சந்தேகமே வராது என்று வீடியோவிலும் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் மனைவியின் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவன் லிஃப்ட் மெக்கானிக். பெண், விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து எவ்வளவு சேதம் என்று எழுதும் இன்ஷூரன்ஸ் சர்வேயர். ஆடம்பரம் வேண்டாம், பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு நெருங்கிய சொந்தத்தோடு சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம் என்று இருவரும் முடிவெடுத்திருந்தார்கள். போட்டோக்காரரை வைப்பதா என்ற பேச்சு வந்தபோது தம்பி தன் வாயாலேயே கெட்டான்.

"மாமா, உங்ககிட்டதான் ரெண்டு கேமரா இருக்கே. நாலு போட்டோ நீங்களே எடுத்துடுங்க."

"அவர்கிட்டயா?" என்று அக்கா கேட்டாள். அதற்குள் மாமா உள்ளே போய் பேட்டரிகளைச் சார்ஜில் போட்டுவிட்டிருந்தார்.

பதிவு அலுவலகம் குறுகலான நீள அறை. மேலே டியூப்லைட்டுகள், அதில் ஒன்று கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடி பதித்த மேசைக்குப் பின்னால் பதிவாளர், தடித்த கறுப்புச் சட்டம் போட்ட மூக்குக்கண்ணாடியோடு அசையாமல் உட்கார்ந்திருந்தார். நிஜக் கல்யாணத்தில், மோசமான வெளிச்சத்தில், பழசும் புதுசும் நேருக்கு நேர். இப்படி ஒரு வாய்ப்பு எந்த யூடியூபருக்குக் கிடைக்கும்? ஒண்ணாரெண்டாவின் கை பரபரத்தது.

ஒவ்வொரு காட்சியையும் இரண்டு தடவை எடுத்தார். ஒரு கேமரா கண்ணில், இன்னொன்று கழுத்தில். ஒன்றில் எடுத்ததும் அதைத் தொங்கவிட்டு மற்றதைத் தூக்கி, அதே இடத்தில் கால் ஊன்றி, அதே வெளிச்ச அளவு எண்களைத் திருகி வைத்து மறுபடி எடுப்பார். அதுவரை எல்லோரும் சிலையாக நிற்க வேண்டும்.

"தங்கச்சி, பேனாவைப் பேப்பர்ல வெச்சது வெச்சபடியே இரும்மா. மூச்சு விடலாம், கை மட்டும் ஆடக்கூடாது."

மணப்பெண் கை ஆடாமல் இருந்தாள். பதிவாளர்தான் பொறுமையிழந்தார். "ஏங்க, இங்க நடக்கிறது ஒரு கல்யாணமா, ரெண்டா?"

"ஒண்ணுதான் சார். ஆனா நீங்க மட்டும் அசையாதீங்க, நீங்கதான் என்னோட ஃபோகஸ்."

அதில் பொய் இல்லை. மணமக்கள் அசைந்துகொண்டே இருந்தார்கள். கூர்மையை ஒப்பிட அசையாத பொருள் ஒன்று வேண்டும். அந்த அறையில் மேசைக்கு அடுத்தபடியாக அசையாதவர் பதிவாளர் ஒருவர்தான்.

கையெழுத்து முடிந்து நிமிர்ந்தபோது தம்பி மணப்பெண்ணின் காதில் ஏதோ சொன்னான். அவள் சிரித்தாள். வாயைப் பொத்தாமல், தலையைப் பின்னால் சாய்த்து, அறை அதிரச் சிரித்தாள். அக்காவும் சிரித்தாள், வாசலில் காத்திருந்த அடுத்த ஜோடியும் என்னவென்றே தெரியாமல் சிரித்தது. அந்த நேரத்தில் ஒண்ணாரெண்டா குனிந்து எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, எடுத்தீங்களா?"

"ஒரு நிமிஷம். இப்ப சொல்றேன், இன்னொரு தடவை சிரிக்கச் சொல்லு."

அவள் இன்னொரு தடவை சிரித்தாள். வண்டியின் பாதி முகத்தைக் காணாமல் போக்கிவிட்டு "சின்னக் கீறல்தான் மேடம்" என்று சொல்லும் உரிமையாளர்களைப் பார்த்து அவள் தினமும் சிரிக்கிற சிரிப்பு அது. அதைத்தான் இரண்டு கேமராவும் பதிவு செய்தன.

படங்கள் வந்தன. எல்லாவற்றிலும் பதிவாளர் பளிச்சென்று இருந்தார். அவர் மோவாயில் சவரத்தில் தப்பிய முடிகளை எண்ணலாம். அவருக்கு இரண்டு பக்கமும் மங்கலாக இரண்டு பேர்.

"மாமா, ஆல்பம் போட்டு அவருக்கே குடுத்துடலாமா?" என்றான் தம்பி. வேறென்ன சொல்வான்.

ஒரே ஒரு படத்தில் மணப்பெண் தெளிவாக இருந்தாள். தன் பெயரைச் சரியாக எழுதியிருக்கிறார்களா என்று பதிவாளரின் தோளுக்குப் பக்கத்தில் குனிந்து, புருவத்தை நெரித்துப் பார்க்கிற படம். வேறு வழியில்லாமல் அதைத்தான் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டினார்கள். பார்க்க வருகிறவர்கள் பொண்ணுக்கு இந்தக் கல்யாணத்தில் இஷ்டமில்லையோ என்று கிசுகிசுத்தார்கள்.

மாமாவுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. வீடியோ தயாரித்துக்கொண்டிருந்தார். இடது பக்கம் பழசு எடுத்தது, வலது பக்கம் புதுசு எடுத்தது. அன்றைக்கு அவர் பேச்சில் ஒரு தனி ஆவேசம் இருந்தது. "பாருங்க நண்பர்களே, பழசுல தோல் நிறம் செத்துப் போயிருக்கு. புதுசுல உயிர் இருக்கு. பழசுல நிழல் எல்லாம் சகதி. புதுசுல சுத்தம்." பிறகு வலது பக்கப் படத்தைப் பெரிதாக்கினார், மேலும் பெரிதாக்கினார், கடைசியில் பதிவாளரின் மூக்குக்கண்ணாடி மட்டும் திரையை நிறைத்தது. "இந்த ஃப்ரேமோட திருகு வரைக்கும் தெரியுது. கண்ணாடித் தொழில்ல இருக்கறவன் சொல்றேன், பழசால இது ஏழு ஜென்மத்துக்கும் முடியாது."

மினி பஸ் கூட்டம் இந்தத் தடவை ரயில் கூட்டமானது. ஒண்ணாரெண்டா வானத்தில் மிதந்தார். இரண்டு நாள் மிதந்த பிறகு ஒரு பார்வையாளர் வீடியோவுக்குக் கீழே எழுதினார்.

"அண்ணா, வலது பக்கப் படத்துல அந்தக் கண்ணாடிக்குள்ள நீங்களே தெரியறீங்க. கழுத்துல கறுப்புப் பட்டை கேமரா தொங்குது. கையில இருக்கறது மஞ்சள் பட்டை. மஞ்சள் பழசுன்னு போன வீடியோல நீங்கதான் சொன்னீங்க. அப்ப எது எதை எடுத்துச்சு?"

ஒண்ணாரெண்டா படத்தைத் திறந்து பார்த்தார். பதிவாளரின் கண்ணாடியில் எதிரொளிப்பைத் தடுக்கும் பூச்சு இல்லை. வருகிற ஒவ்வொரு வாடிக்கையாளர் தலையிலும் வருந்தி வருந்தி அவர் கட்டுகிற அதே பூச்சு. இரண்டு வில்லைகளிலும் குட்டிக் குட்டியாக அவரே நின்றுகொண்டிருந்தார், கையில் மஞ்சள் பட்டையோடு. படங்களைக் கணினியில் ஏற்றும்போது பழசின் படங்களைப் புதுசு என்றும், புதுசின் படங்களைப் பழசு என்றும் பெயரிட்டு வைத்திருந்தார். உயிர் இருக்கிறது என்று அவர் உருகியதெல்லாம் பழைய கேமரா எடுத்தது. செத்துப்போயிருக்கிறது என்று காறித் துப்பியதெல்லாம் புதுசு.

"நீ ஏதாவது என் கம்ப்யூட்டரைத் தொட்டியா?"

"இந்த வீட்டுல உங்களோடதுன்னு நான் தொடறது சாப்பிட்ட தட்டை மட்டும்தான்" என்றாள் மனைவி.

முதலில் அந்தக் கருத்தை அழித்தார். அதன் இடத்தில் பத்து முளைத்தன. பிறகு விளக்கம் எழுதினார்: பிரதிபலிப்பில் இடது வலதாகவும் வலது இடதாகவும் மாறித் தெரியும், இது ஒளியியல் பாடத்தின் முதல் பக்கம், தெரியாமல் பேசாதீர்கள். உடனே பதில் வந்தது. "இடது வலதாகும், சரி. மஞ்சள் கறுப்பாகுமா அண்ணா?"

மானம் கப்பலேறியது, ஏறிய கப்பல் நேராகக் கடைத்தெருவுக்குத்தான் வந்தது. போகிற வருகிற பையன்கள் கடை வாசலில் நின்று "அண்ணே, ஒண்ணா ரெண்டா?" என்று கேட்டுவிட்டு ஓடினார்கள். அதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். ஆனால் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, போன மாதம் பவர் எழுதி வாங்கிப் போனவர், "தப்பா நினைக்காதீங்க, இன்னொரு தடவை சோதிச்சுடலாமா?" என்று வந்து நின்றார். முதலாளி சிரித்துக்கொண்டே, "பாத்துப்பா, வலதுக்கு இடதை எழுதிடாத" என்றார். இருட்டறைக்குள் லென்ஸ் மாட்டும்போது ஒண்ணாரெண்டா முதல் தடவையாக ஒவ்வொரு லென்ஸின் எண்ணையும் இரண்டு தடவை பார்த்துக்கொண்டார். பவர் அதேதான் வந்தது. ஆசிரியை திருப்தியாகப் போனார். கேமரா பற்றி ஒண்ணாரெண்டாவுக்கு ஒன்றும் தெரியாது என்று உலகமே சொல்லட்டும். அவருடைய கண் பரிசோதனைமேல் சந்தேகம் வந்ததுதான் சுட்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் சாப்பாட்டு மேசையில் இரண்டு கேமராவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உண்மையைச் சொல்லு. அந்தப் படங்கள்ல உனக்கு ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சுதா?"

"எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் இருந்துச்சு."

"சரியா பாத்துச் சொல்லு."

அவள் எதிரில் உட்கார்ந்தாள். "ஒண்ணு கேக்கறேன். கடையில நீங்க ஒண்ணா ரெண்டான்னு கேக்கும்போது, ஒருத்தர் ரெண்டும் ஒரே மாதிரி தெரியுதுன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?"

"அதுதான் சரியான பதில். பவர் பிடிபட்டாச்சுன்னு அர்த்தம். எழுதிக் குடுத்து அனுப்பிடுவேன்."

"அப்ப அனுப்புங்க."

அவள் எழுந்து போய்த் துணி மடிக்க ஆரம்பித்தாள்.

மனிதன் இத்தோடு திருந்திவிட்டான் என்று சொல்லிக் கதையை முடித்தால் எனக்கும் வேலை மிச்சம். நடந்தது வேறு. மறுநாள் அவர் புதுக் கேமராவைத் தன் முன்னால் வைத்து, அதன் திரையை முன்பக்கம் திருப்பி, அதில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துப் பேசி ஒரு வீடியோ போட்டார். படங்களை மாற்றிப் போட்டது வேண்டுமென்றே செய்த சோதனையாம். பார்வையாளர்கள் எவ்வளவு கவனமாகப் பார்க்கிறார்கள் என்று அறியவாம். கண்டுபிடித்த நண்பருக்குப் பாராட்டுகளாம். "நம்ம சேனல் குடும்பத்துல இவ்வளவு கூர்மையான கண்கள் இருக்கறது எனக்குப் பெருமை" என்று கடைசியில் குரல்கூடத் தழுதழுத்தது. பாதிப் பேர் நம்பினார்கள். ஒரு வாரம் போனதும் அவரே நம்பினார். பார்ப்பவர்கள் பெருகினார்கள். கடைக்குக்கூட அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுச் சிலர் கண்ணாடி போட வந்தார்கள். முதலாளி கேலியை நிறுத்திவிட்டுப் பில் போட்டார்.

பழைய கேமரா கொஞ்ச நாள் அலமாரியில் கிடந்தது. ஒருநாள் தம்பியும் அவன் மனைவியும் வந்திருந்தபோது, ஆபீஸில் கொடுத்த கேமரா பாழாய்ப் போய்விட்டது, நசுங்கின இடம் சரியாகவே விழமாட்டேன் என்கிறது என்று அவள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அக்கா எழுந்து போய், அலமாரியைத் திறந்து, மஞ்சள் பட்டையோடு அதை எடுத்து வந்து அவள் மடியில் வைத்தாள்.

"அண்ணா, எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கம்மா" என்றார் அவர். "ஆனா லென்ஸைச் சட்டைத் துணியால துடைக்காத. வெயில்ல வண்டிக்குள்ள வைக்காத. எல்லாத்தையும் கேமராவே முடிவு பண்ற ஆட்டோ மோட்ல மட்டும் தயவுசெஞ்சு எடுக்காத."

சில மாதங்கள் கழித்து, அவருடைய ஸ்கூட்டரின் பிரேக் சரிபார்க்க ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனபோது அவளை அங்கே பார்த்தார். முன்பக்கம் நொறுங்கிய ஒரு காரின் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் பட்டை கிரீஸ் பட்டுக் கறுத்திருந்தது. லென்ஸ் மூடியைக் காணோம். லென்ஸ் மேல் ஒரு விரல் ரேகை முழுசாகப் பதிந்திருந்தது, போலீஸுக்கே போதும். ஆட்டோ மோட். அவள் ஒரு படம் எடுத்தாள், திரையில் பார்த்தாள், தலையசைத்தாள், அடுத்த கதவுக்கு நகர்ந்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரே படம்.

அவர் பையிலிருந்து துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு பாய்ந்து போனார். "தங்கச்சி, அந்த லென்ஸைக் குடு, ஒரே நிமிஷம், இப்படி எடுத்தா எதுவுமே..."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அண்ணா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க நிழல் நசுங்கல் மேல விழுது."

அவர் துணியைக் கையில் பிடித்தபடியே தள்ளி நின்றார்.